பொய்ச்சான்றும் மெய்ச்சான்றும்

மனிதன் தன் தேவைகள் அனைத்தையும் தானே நிறைவு செய்துகொள்ள இயலாதவன். வீட்டுக் கதவு பழுதுற்றால் தச்சரையும், சுவர் விரிசல் கண்டால் கொத்தனாரையும், விளக்கு எரியாதொழிந்தால் மின்பணியாளரையும், குழாய் ஒழுகினால் அதனைச் செப்பனிடுவோரையும் அவன் நாடுகின்றான். இவர்தம் தொழிலின் நுட்பங்கள் அவனுக்குத் தெரியா. சுவரினுள் பதித்த மின்கம்பி தரமானதா அன்றா என்பதைப் பூச்சு முடிந்தபின் காண்டல் அரிது. ஆதலின், பணியை ஒப்படைக்கும் முன்னரே பணியாளரின் திறமையையும் நேர்மையையும் அறிந்துகொள்ள வேண்டியவனாகின்றான். அறியும் வழி யாது? முன்னர் அவரிடம் பணி கொண்டோர் கூறும் சொல்லே அவ்வழி. அச்சொல்லைச் சான்று எனல் பொருந்தும்.

சிற்றூர்களில் இச்சான்று வாய்மொழியாகவே வழங்கி வந்தது, இன்றும் வழங்குகின்றது. ‘இன்னாரைக் கூப்பிடுங்கள், சொன்ன நாளில் வந்து வேலையை முடிப்பார்’ என்று அண்டை வீட்டார் சொல்வர். சொல்பவர் யாவர், அவருக்கும் அப்பணியாளருக்கும் உள்ள உறவு யாது, அவர் சொல் எத்துணை நம்பத்தக்கது என்பன எல்லாம் கேட்பவருக்குத் தெரியும். பொய் சொன்னவர் மறுநாள் அதே தெருவில் எதிர்ப்பட வேண்டும். ஆகவே, அவ்வூர்ச் சான்றுக்கு ஒரு காவல் இருந்தது.

நகரங்கள் பெருகின. புதிதாகக் குடிவந்தவர் பலர்க்கு அண்டை வீட்டாரின் பெயரும் தெரிவதில்லை. அவர் கைபேசியை எடுத்து, அருகில் உள்ள பணியாளர் யாவர் என்று இணையத்தில் தேடுகின்றார். பெயர்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. ஒவ்வொரு பெயரின்கீழும் ஒன்று முதல் ஐந்து வரையிலான விண்மீன் குறிகள் உள்ளன. பணி கொண்டோர் எழுதிய சில வரிகளும் உள்ளன. இவ்வரிகளை மதிப்புரை என்பர். முகமறியாத ஒருவர் முகமறியாத மற்றொருவர்க்கு அளிக்கும் சான்றே மதிப்புரையாகும். இதனால் விளையும் நன்மை பெரிது. விளம்பரத்திற்குப் பொருளில்லாத ஏழைத் தொழிலாளியும் தம் கைத்திறன் ஒன்றையே முதலாகக் கொண்டு புகழ் பெறலாம். ஆயினும், ஊர்ச் சான்றுக்கு இருந்த காவல் இதற்கு இயல்பாக அமையவில்லை. அக்காவலை அறிந்து அமைத்துக்கொள்ளும் கடமை நம்முடையதாகின்றது.

சான்றின் விலை

மதிப்புரையின் ஆற்றலை ஆராய்ந்தவருள் அப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்திருந்த மைக்கேல் லூக்கா ஒருவர். அமெரிக்க நாட்டின் சியாட்டில் நகர உணவகங்களை அவர் ஆராய்ந்து, 2011-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். மதிப்புரைத் தளத்தில் ஓர் உணவகத்திற்கு ஒரு விண்மீன் கூடுமாயின், அதன் வருவாய் நூற்றுக்கு 5 முதல் 9 பங்கு வரை உயர்கின்றது என்று கண்டார். இவ்வுயர்வு தனியொருவர் நடத்தும் சிறிய உணவகங்களுக்கே உண்டாயிற்று. நாடெங்கும் கிளைகள் கொண்ட பெரிய உணவகங்களுக்கு உண்டாகவில்லை. காரணம் விளங்காததன்று. பெயர் பெற்ற நிறுவனத்திற்குப் பெயரே சான்று. எளிய தொழிலாளிக்கோ பிறர் சொல்லே சான்று. எனவே, சான்று பொய்யாயின் முதலில் துன்புறுபவர் எளியவரே ஆவர்.

இதனைச் சிறு கணக்கினாலும் உணரலாம். மின்பணியாளர் ஒருவர்க்கு நான்கு பேர் ஐந்து விண்மீன் அளித்துள்ளனர் என்று கொள்வோம். ஐந்தாமவராகப் பொறாமையாளர் ஒருவர் ஒரு விண்மீன் அளிப்பின், சராசரி 4.2 ஆகக் குறைந்துவிடும். நானூறு பேரிடம் ஐந்து விண்மீன் பெற்ற பெருநிறுவனத்திற்கு அதே தீங்கைச் செய்தால், சராசரி 4.99 என்றே நிற்கும். ஒரே கல், ஆயின், குடிசையை உடைக்கும் கல் கோட்டையை அசைப்பதில்லை.

பொய்யின் வகைகள்

பொய்ம்மதிப்புரை இருவகைப்படும். ஒன்று பொய்ப்புகழ், மற்றொன்று பொய்ப்பழி. தாமே வேறு பெயரில் எழுதிக்கொள்வதும், உறவினரைக்கொண்டு எழுதுவிப்பதும், கூலி கொடுத்து எழுதுவிப்பதும் பொய்ப்புகழின்பாற்படும். போட்டியாளரைத் தாழ்த்த எழுதுவதும், பகை தீர்க்க எழுதுவதும், அச்சுறுத்திப் பொருள் பறிக்க எழுதுவதும் பொய்ப்பழியின்பாற்படும்.

கூலிக்குப் புகழ் எழுதும் தொழில் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை நியூயார்க் மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் 2013-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தியது. அவ்வலுவலர்கள் புருக்ளின் பகுதியில் தயிர்ப்பண்டக் கடை நடத்துவோர்போல் நடித்து, இணையத்தில் நற்பெயர் தேடித் தருவதாகக் கூறிய நிறுவனங்களை அணுகினர். அவற்றுட் சில, பொய்ம்மதிப்புரை எழுதித் தருவதாகவே ஒப்புக்கொண்டன. எழுதியவர்கள் அக்கடையைக் கண்டவர்கள் அல்லர்; அந்நாட்டில் வாழ்பவர்களும் அல்லர். பிலிப்பைன்ஸ், வங்காளதேசம், கிழக்கு ஐரோப்பா ஆகிய இடங்களில் இருந்துகொண்டு, உரை ஒன்றுக்கு 1 முதல் 10 டாலர் வரை கூலி பெற்றவர்கள். முடிவில் 19 நிறுவனங்கள் மொத்தம் 3,50,000 டாலருக்கு மேல் தண்டம் செலுத்த இசைந்தன.

இல்லாத ஒன்றையே புகழால் உண்டாக்கிக் காட்டலாம் என்பதற்கு இலண்டனில் நிகழ்ந்த செய்தி ஒன்று சான்றாகும். ஊபா பட்லர் என்னும் எழுத்தாளர் அந்நகரின் டல்விச் பகுதியில் வாழ்ந்தவர். அவர் 2017-ஆம் ஆண்டில் தம் தோட்டத்துக் கொட்டகையை ஓர் உணவகம் என்று மதிப்புரைத் தளமொன்றில் பதிவு செய்தார். அங்கு உணவும் இல்லை, உண்டவரும் இல்லை. நண்பர்கள் எழுதிய பொய்ப்புகழ் மட்டுமே இருந்தது. அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் அக்கொட்டகை, இலண்டன் மாநகரின் உணவகங்கள் அனைத்திலும் முதலிடம் பெற்றதாகத் தளத்தில் காட்டப்பட்டது. தாம் இதனைச் செய்த வகையை அவர் பின்னர் எழுதி வெளியிட்டார்.

இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயின், இதே சூழ்ச்சி வயிற்றுப்பிழைப்பைக் கெடுக்கும் இடமும் உண்டு. கூகுள் நிறுவனத்தாரும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தாரும் இணைந்து, இணைய வரைபடத்தில் போலியாக இடம்பெற்ற 1,00,000-க்கும் மேற்பட்ட பெயர்களை ஆராய்ந்து, 2017-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். அப்போலிப் பெயர்களுள் நூற்றுக்கு 40 பங்கு, பூட்டுத் திறப்போர், குழாய் செப்பனிடுவோர், மின்பணியாளர் போன்று அழைத்தவுடன் வீடு தேடி வரும் தொழிலாளர்களின் பெயரில் அமைந்தவை. நள்ளிரவில் சாவியைத் தொலைத்து வாயிலில் நிற்பவர்க்கு ஆராய நேரம் ஏது? புகழ் மிக்கதாய்த் தோன்றும் முதற்பெயரையே அவர் அழைக்கின்றார். தொலைவில் உள்ள ஓர் அலுவலகத்தார் பேசிச் சிறு தொகை கூறுகின்றனர். வந்து நிற்கும் ஆளோ அதனினும் பன்மடங்கு கேட்கின்றார். அதே தெருவில் நெடுங்காலம் பூட்டுத் தொழில் செய்துவரும் நேர்மையாளரின் பெயர், போலிகளின் கீழே மறைந்து கிடக்கின்றது. ஒரு பொய் இருவரை வஞ்சிக்கின்றது: ஒருவர் பொருளை இழக்கின்றார், மற்றொருவர் பிழைப்பை இழக்கின்றார்.

பொய்ப்பழியைக் காட்டிப் பணம் பறித்தலும் நிகழ்ந்துள்ளது. 2022-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு உணவகங்கள் சிலவற்றின்மீது ஒற்றை விண்மீன் உரைகளைக் குவித்த வஞ்சகர்கள், அவற்றை நீக்க வேண்டுமாயின் 75 டாலர் மதிப்புள்ள பரிசு அட்டையை அனுப்புமாறு எழுதினர்.

பொய்யைக் கண்டறிதல்

பொய்யுரையைப் படித்தவுடனே கண்டுகொள்ளலாம் என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-ஆம் ஆண்டில் இதனைச் சோதித்தனர். சிகாகோ நகரின் 20 தங்கும் விடுதிகளைப் பற்றிய 400 உண்மை உரைகளையும், கூலி கொடுத்து எழுதுவித்த 400 பொய்யுரைகளையும் அவர்கள் திரட்டினர். அவற்றுள் ஒரு பகுதியை மூவரிடம் கொடுத்துப் பிரித்துக் காட்டுமாறு கூறினர். மூவருள் சிறந்தவர் கூறியதும் நூற்றுக்கு 62 அளவிலேயே சரியாக இருந்தது. நாணயத்தைச் சுண்டிப் பார்த்துக் கூறுவதினும் இது பெரிதும் மேம்பட்டதன்று. கணிப்பொறியோ சொற்களை எண்ணி ஆராய்ந்து, நூற்றுக்கு 90 அளவில் சரியாகக் கூறியது.

கணிப்பொறி கண்ட வேறுபாடு யாது? உண்மையாகத் தங்கியவர் அறையின் அளவு, குளியலறை, மாடி, அமைந்த இடம் முதலிய கண்ட பொருள்களைக் குறித்தார். தங்காதவர் தம்மைப் பற்றியும், உடன் வந்தவரைப் பற்றியும், பயணத்தைப் பற்றியுமே மிகுதியாக எழுதினார். காணாதவர்க்குக் காட்ட ஒன்றும் இல்லை. ஆதலின் தம் களிப்பையே காட்டினார்.

எனினும், சொல்லை மட்டும் நோக்கும் ஆராய்ச்சி இன்று போதாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் குளியலறையையும் மாடியையும் கற்பனையாகப் படைத்து எழுதவல்லன. ஆதலின், எழுதப்பட்டதோடு எழுதியவரின் ஒழுகலாற்றையும் நோக்குதல் வேண்டும். நோக்கத்தக்கன பின்வருவன:

முதலாவது, காலம். பல திங்களாக ஓர் உரையும் பெறாத பணியாளர் ஒரே வாரத்தில் முப்பது புகழுரை பெறின், காரணம் வினவுதல் தகும். இரண்டாவது, எழுதியவரின் பிற உரைகள். திங்களன்று மதுரையில் கூரை வேய்ந்ததாகவும், செவ்வாயன்று தில்லியில் குழாய் மாற்றியதாகவும், புதனன்று கொல்கத்தாவில் பூட்டுத் திறந்ததாகவும் ஒருவரே எழுதியிருப்பின், அவர் எவ்வீட்டில் வாழ்கின்றார் என்று ஐயுறுதல் இயல்பே. மூன்றாவது, ஒப்புமை. வெவ்வேறு பெயரினர் ஒரே சொற்றொடரை ஒரே பிழையுடன் எழுதியிருத்தல் ஐயத்திற்கு இடமாகும். நான்காவது, தொழிலோடு பொருந்துதல். செய்த வேலை யாது, எத்தனை நாளாயிற்று, சொன்ன விலைக்கும் பெற்ற விலைக்கும் வேறுபாடு உண்டா என்பவற்றுள் ஒன்றேனும் கூறாத புகழும் பழியும் எடையற்றவை.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். இவற்றுள் ஒன்று மட்டும் காணப்படின், அதுகொண்டு பொய்யென முடிவு செய்தல் கூடாது. ‘நல்ல வேலை’ என்று இரண்டே சொல்லில் எழுதுபவர் உண்மையாளராகவும் இருக்கலாம். எழுதப் பழகாத முதியவர் பிழைபட எழுதலாம். பணியாளரே தம்மிடம் பணி கொண்டோர் பலரை ஒரே நாளில் வேண்டிக்கொண்டதால், உண்மையுரைகளும் ஒருங்கே வந்திருக்கலாம். குறிகள் பல ஒன்றுகூடும்போதே ஐயம் வலுப்பெறும்.

மட்டுறுத்துவோர் கடமை

வரும் உரைகளை ஆராய்ந்து, தக்கவற்றை வெளியிட்டுத் தகாதவற்றை நிறுத்தும் பணியை மட்டுறுத்தல் என்பர். பெரிய தளங்களில் இதன் முதற்படியைக் கணிப்பொறியே செய்கின்றது. 2024-ஆம் ஆண்டில் மட்டும் தன் விதிகளுக்கு மாறான 24 கோடிக்கு மேற்பட்ட உரைகளைத் தடுத்தோ நீக்கியோ உள்ளதாகக் கூகுள் நிறுவனம் அறிவித்தது. இத்துணைப் பெருந்தொகையை மனிதர் மட்டும் படித்துப் பார்த்தல் இயலாது. ஆயினும், கணிப்பொறி தெளிய இயலாதவற்றையும், பணியாளரும் பொதுமக்களும் முறையிடுபவற்றையும் மனிதரே ஆராய்தல் வேண்டும்.

அவர் கடமையின் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மின்பணியாளர் ஒருவர்மீது ஒரே இரவில் மூன்று பழியுரைகள் வந்தன என்று கொள்வோம். முதல் இரண்டும் அன்றே தொடங்கப்பெற்ற கணக்குகளிலிருந்து வந்தவை; ‘மோசமான ஆள், யாரும் அழைக்காதீர்’ என்பது தவிர அவற்றில் செய்தி ஒன்றும் இல்லை. மூன்றாவது உரை கடுமையான சொற்களால் ஆனது. எழுத்துப் பிழைகளும் மலிந்தது. ஆயின், எந்த நாளில் வந்தார், எந்த மின்பலகையைப் பழுது பார்த்தார், எவ்வளவு பெற்றார், மறுநாள் எவ்வாறு தீப்பொறி பறந்தது என்பனவெல்லாம் அதில் உள்ளன. மனம் நொந்த பணியாளர் மூன்றையும் நீக்குமாறு வேண்டுகின்றார். மட்டுறுத்துவோர் யாது செய்தல் வேண்டும்?

பணியாளர்மீது இரக்கங்கொண்டு மூன்றையும் நீக்கிவிட்டால், தீப்பொறியைக் கண்டவரின் குரல் அடங்கிவிடும். அடுத்து அழைக்கும் குடும்பத்திற்கு இடர் நேரலாம். எவரையும் பகைக்க வேண்டா என்று மூன்றையும் விட்டுவிட்டால், உழைப்பாளி ஒருவர் செய்யாத குற்றத்திற்குத் தண்டிக்கப்படுவார். இரண்டும் அறமல்ல. முதல் இரண்டு உரைகளை எழுதியோரிடம் பணி கொண்டதற்குரிய பற்றுச்சீட்டையோ நாளையோ கேட்டு, விடை வாராதாயின் அவற்றை நீக்குதல் தகும். மூன்றாமவரிடம் வசைச்சொற்களை மட்டும் அவரே திருத்தித் தருமாறு வேண்டி, செய்தியை நிலைநிறுத்துதல் தகும். பணியாளர் தம் விளக்கத்தை அதன்கீழ் எழுத இடமளித்தலும் வேண்டும். அவர் உடனே சென்று மின்பலகையைச் செப்பனிட்டுத் தம் விடையில் அதனைக் குறிப்பாராயின், அப்பழியுரையே அவர் நேர்மைக்குச் சான்றாக மாறிவிடும்.

மட்டுறுத்தலின் உயிர்நிலை இதுவே: பொய்யை வெளியிடுதல் எத்துணைத் தீங்கோ, மெய்யை மறைத்தலும் அத்துணைத் தீங்காகும். விளம்பரப் பொருள் தருபவர்மீதுள்ள பழியை மறைப்பதும், தராதவர்மீதுள்ள பழியை உயர்த்துவதும் நடுவுநிலை பிறழ்தலே ஆகும்.

சட்டத்தின் காவல்

மதிப்புரைக்கு வேண்டிய காவலை நாடுகள் பல இப்பொழுது சட்டத்தால் அமைத்து வருகின்றன. இந்தியாவில் 2020-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பனையாளர் தம்மை நுகர்வோர்போல் காட்டிக்கொண்டு மதிப்புரை எழுதுதலைத் தடை செய்கின்றன. 2022-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இந்தியத் தர நிர்ணய அமைவனம், மதிப்புரைகளைத் திரட்டுதல், மட்டுறுத்தல், வெளியிடுதல் ஆகியவற்றுக்கென ஐ.எஸ். 19000 என்னும் தரநெறியை வெளியிட்டது. எழுதுபவர் உண்மையான ஆளே என்பதை மின்னஞ்சல், தொலைபேசி முதலியவற்றால் சரிபார்க்கும் முறைகள் அதில் கூறப்பட்டுள்ளன. விலைக்கு வாங்கிய உரைகளையும், நிறுவனத்தார் தம் ஊழியரைக்கொண்டு எழுதுவித்த உரைகளையும் வெளியிடலாகாது என்பதும் அதன் கருத்து. அந்நெறி, தளங்கள் தாமே விரும்பி மேற்கொள்ளுமாறு வெளியிடப்பட்டது.

அமெரிக்க நாட்டில் 2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல், பொய்ம்மதிப்புரையை விற்றலும் வாங்கலும் விதியால் தடை செய்யப்பட்டுள்ளன; அச்சுறுத்தி உண்மைப் பழியுரையை நீக்கச் செய்தலும் அவ்விதியின்படி குற்றமாகும். பிரிட்டனில் 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், பொய்ம்மதிப்புரையைத் தடை செய்ததோடு, அதனைத் தடுக்கத் தக்க முயற்சி எடுக்கும் பொறுப்பைத் தளங்கள்மீதும் வைத்துள்ளது.

நம் கடமை

சட்டமும் கணிப்பொறியும் வெளிக்காவலே ஆகும். அகக்காவல் எழுதுபவரின் நெஞ்சில் இருத்தல் வேண்டும். மாணவர் பலர் கையிலும் இன்று கைபேசி உள்ளது. ‘மாமா புதிதாகக் கடை வைத்திருக்கிறார், ஐந்து விண்மீன் போட்டுவிடு’ என்று வீட்டார் அன்போடு கேட்கலாம். கடையைக் காணாமலேயே ஐந்து விண்மீன் அளிப்பது சிறிய உதவி என்று தோன்றும். ஆயின், அதே தெருவில் பத்தாண்டு உழைத்து, கண்டவரிடம் மட்டுமே சான்று பெற்ற மற்றொரு கடைக்காரரின் முன்னே மாமாவை நிறுத்திவிடும் பொய் அது. மாமாவுக்கு உதவ வேறு வழி உண்டு. கடைக்குச் சென்று பொருளை வாங்கிப் பார்த்து, நிறையும் குறையும் கண்டவாறு எழுதி, தாம் அவருடைய உறவினர் என்பதையும் குறித்தல் வேண்டும்.

மதிப்புரையைப் படிப்போர் சராசரியை மட்டும் நம்பாமல், நிறையையும் குறையையும் ஒருங்கே கூறும் உரைகளைத் தேடிப் படிக்க வேண்டும். இயலுமாயின், அண்டை வீட்டாரையும் ஒருமுறை கேட்டறிய வேண்டும். எழுதுவோர் கண்டதைக் கண்டவாறு, நாளும் செயலும் விளங்க எழுத வேண்டும். வேலையைக் குறை கூறலாம், ஆளை இழித்தல் ஆகாது. பழிக்கு விரையும் கை புகழுக்குத் தாமதித்தல் பலரிடம் காணும் குறை. நல்ல வேலை செய்த தச்சரைப் பற்றி இரண்டு வரி எழுதாமல் விடுவதும், அவருக்குச் சேர வேண்டிய கூலியில் ஒரு பகுதியை வைத்துக்கொள்வது போன்றதே.

முகம் தெரியாதவர்க்கு நாம் அளிக்கும் சான்றை யாரும் நம் எதிரில் நின்று கேட்கப்போவதில்லை. அதனாலேயே, அங்கு மெய் கூறுதல் நம் நேர்மைக்குரிய உரைகல்லாகின்றது. ஒருவர் நம் சொல்லை நம்பி இரவில் கதவைத் திறக்கின்றார். மற்றொருவர் நம் சொல்லால் மறுநாள் உலை வைக்கின்றார். இவ்விருவரையும் மனத்திற்கொண்டு எழுதுபவரே சான்று கூறத் தகுதி உடையவர்.